பாலைவனத்தில் மலிவு வீடு: தண்ணீர் எங்கிருந்து வரும்?

2023-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி. புத்தாண்டு தினம்.

அமெரிக்காவில், அரிசோனா மாகாணத்தில், ரியோ வெர்டி புட்ஹில்ஸ் என்று ஓர் ஊர். மலை அடிவாரம். சுற்றிலும் பாலைவனம். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த கள்ளிகள். ஆனால் ஏழை ஊர் அல்ல. பெரிய பெரிய வீடுகள். சில வீடுகளில் குதிரை லாயம்கூட உண்டு.

அன்று அந்த ஊருக்குத் தண்ணீர் நின்றுவிட்டது.

குழாய் உடைந்துவிட்டதா? இல்லை. அங்கே நூற்றுக்கணக்கான வீடுகளுக்குக் குழாயே கிடையாது! லாரியில்தான் தண்ணீர் வரும். பக்கத்தில் ஸ்காட்ஸ்டேல் என்ற பணக்கார நகரம். அந்த நகரசபையின் குழாயடியில் லாரிக்காரர்கள் தண்ணீர் பிடிப்பார்கள். வீட்டுக்கு வீடு தொட்டி. அதில் ஊற்றிவிட்டுப் போவார்கள். பல ஆண்டுகளாக இப்படித்தான் நடந்துவந்தது.

கொலராடோ ஆற்றில் தண்ணீர் குறைந்தது. தன் ஊர் ஜனங்களுக்கே சிக்கனம் சொல்லவேண்டிய நிலை ஸ்காட்ஸ்டேல் நகரசபைக்கு. வெளியூருக்கு இனிமேல் கொடுப்பதற்கில்லை என்று கைவிரித்துவிட்டது.

லாரிகள் வெகுதூரத்தில் உள்ள வேறு ஊர்களைத் தேடி ஓடின. தண்ணீர் விலை ஏறியது. சாப்பிட்ட தட்டைக் கழுவினால் தண்ணீர் செலவாகுமே என்று காகிதத் தட்டில் சாப்பிட்டார்கள். மழை பெய்தால் வாளிகளை வெளியே வைத்தார்கள். அந்தத் தண்ணீரைக் கழிப்பறைக்கு ஊற்றினார்கள். கோர்ட்டுக்கும் போனார்கள். தண்ணீர் கொடுக்கும்படி நகரசபைக்கு உடனே உத்தரவு போட நீதிபதி மறுத்துவிட்டார்.

லட்சக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கிய வீடு. உள்ளே பளிங்குக் கல் பதித்த சமையலறை. ஆனால் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருமா என்று தெரியாது!

இப்படிப்பட்ட இடத்தில் ஏன் வீடு வாங்கினார்கள்? அவர்களுக்கு விவரம் போதாதா? அப்படிச் சொல்லிவிட முடியாது. அந்த நாட்டில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இன்று செய்யும் கணக்கைத்தான் அவர்களும் செய்தார்கள்.

தூரம் கூடினால் விலை குறையும்

ரியோ வெர்டிக்கு அருகில் உள்ள பெரிய பட்டணம் பீனிக்ஸ். அரிசோனாவின் தலைநகர். 2020-ம் ஆண்டு கணக்குப்படி 16 லட்சம் ஜனங்கள். அமெரிக்காவின் 5-வது பெரிய நகரம் அது. சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்தால் ஜனத்தொகை 48 லட்சத்தை எட்டும்.

ஆண்டு முழுவதும் அங்கே பெய்யும் மழை ஏறத்தாழ 7 அங்குலம். புயல் அடித்தால் நம் கடற்கரை ஊர்களில் ஒரே நாளில் கொட்டிவிடும் மழை அது!

அப்படியும் ஜனங்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். வேலை கிடைக்கிறது. குளிர்காலம் இதமாக இருக்கிறது. பக்கத்து மாகாணமான கலிபோர்னியாவில் வீட்டு விலை வானத்தில் இருக்கிறது. அங்கே ஒரு சிறிய வீடு வாங்கும் பணத்தில் இங்கே பெரிய வீடே வாங்கலாம். கம்ப்யூட்டர் வேலைக்காகப் போன நம் நாட்டுக் குடும்பங்களும் பீனிக்சுக்கு அருகே சாண்ட்லர் போன்ற ஊர்களில் நிறைய இருக்கின்றன.

கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் உள்ள ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். வாடகை கட்டிக் கட்டிச் சலித்துப் போயிருக்கிறார்கள். சொந்த வீடு வேண்டும். நகரத்துக்குள் விலை கட்டாது. ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு புறப்படுகிறார்கள். பத்து மைல் போனால் விலை கொஞ்சம் குறைகிறது. இருபது மைல் போனால் இன்னும் குறைகிறது. முப்பத்தைந்து மைல் போனால் பாலைவனத்தின் நடுவே வரிசை வரிசையாகப் புது வீடுகள். மூன்று படுக்கை அறை. கார் நிறுத்த இடம். பின்னால் தோட்டம். கையில் உள்ள பணத்துக்குக் கட்டுபடியாகிறது!

இப்படி வளர்ந்த ஊர்தான் பக்கை. பீனிக்சுக்கு மேற்கே உள்ளது. 2000-ம் ஆண்டில் அங்கே இருந்தவர்கள் 6,500 பேர். 2020-ல் 91,000-க்கு மேல்! இருபது வருஷத்தில் ஒரு கிராமம் பட்டணமாகிவிட்டது. தெற்கே மாரிகோப்பா என்ற ஊர். 2000-ல் ஆயிரம் பேர். 2020-ல் 58,000 பேர். தென்கிழக்கே குவீன் கிரீக். அங்கேயும் இதே கதைதான்.

வீட்டைப் பார்க்கிறார்கள். பள்ளிக்கூடம் எங்கே என்று கேட்கிறார்கள். மாதத் தவணை எவ்வளவு என்று கேட்கிறார்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்கள் குறைவு. குழாயைத் திறந்து பார்க்கிறார்கள். தண்ணீர் கொட்டுகிறது. அதோடு திருப்தி அடைந்துவிடுகிறார்கள்.

நூறு வருஷத் தண்ணீர்

அரிசோனா சர்க்கார் இந்த விஷயத்தைக் கவனிக்காமல் இல்லை. 1980-ம் ஆண்டிலேயே ஒரு சட்டம் போட்டார்கள். பாராட்டவேண்டிய சட்டம். பெரிய நகரங்களைச் சுற்றியுள்ள பகுதிகளில் மனைப்பிரிவு போட்டு விற்பவர், அந்த வீடுகளுக்கு நூறு வருஷத்துக்குத் தண்ணீர் உண்டு என்று ருசுப்படுத்தவேண்டும். ருசு இல்லையானால் விற்கக்கூடாது.

நல்ல வேலிதான். ஆனால் வேலியில் ஓர் ஓட்டை.

ஆறு மனை அல்லது அதற்கு மேல் பிரித்தால்தான் இந்தச் சட்டம். ஐந்து மனைக்குள் பிரித்தால் தண்ணீருக்கு ருசு தேவையில்லை! நிலத்தை ஐந்தாகப் பிரிப்பார்கள். வாங்கியவர் தம் பங்கை மறுபடி ஐந்தாகப் பிரிப்பார். இப்படியே ஐந்து ஐந்தாகப் பிரித்து ஓர் ஊரே எழும்பிவிடும். அந்த நாட்டு ஜனங்கள் இதற்கு ‘காட்டுப்பூனை மனை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ரியோ வெர்டியில் இப்படித்தான் வீடுகள் பெருகின.

அங்கே கிணறு தோண்டியவர்களும் உண்டு. சில கிணறுகள் வற்றிவிட்டன. மற்றவர்கள் லாரியை நம்பினார்கள். லாரித் தண்ணீர் என்று தெரிந்தே வாங்கியவர்கள் பலர். இத்தனை வருஷம் வந்த லாரி இனிமேலும் வரும் என்பது அவர்கள் எண்ணம். ஸ்காட்ஸ்டேல்மேல் மட்டும் பழி போடுவது நியாயம் அல்ல. தண்ணீரை நிறுத்தப்போகிறோம் என்று ஒரு வருஷத்துக்கு முன்பே அந்த நகரசபை எச்சரித்திருந்தது.

336 மைல் கால்வாய்

இந்தப் பாலைவனத்தில் தண்ணீரே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. பல நூறு வருஷங்களுக்கு முன்பே ஹோஹோகாம் என்ற பழங்குடி மக்கள் அங்கே ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டிப் பயிர் செய்தார்கள். அவர்கள் மறைந்தபின் அந்தக் கால்வாய்களின் தடத்திலேயே புது நகரம் எழுந்தது. சாம்பலிலிருந்து உயிர்த்து எழும் பறவையின் பெயர் பீனிக்ஸ். அந்தப் பெயரையே நகரத்துக்கும் வைத்தார்கள்.

இப்போது அங்கே மூன்று வகைத் தண்ணீர். ஒன்று, அருகில் ஓடும் சால்ட் ஆற்றின் அணைத் தண்ணீர். இரண்டு, நிலத்தடித் தண்ணீர். மூன்று, கொலராடோ ஆற்றுத் தண்ணீர்.

கொலராடோ ஆறு மாகாணத்தின் மேற்கு எல்லையில் ஓடுகிறது. அங்கிருந்து 336 மைல் நீளத்துக்குக் கால்வாய் வெட்டியிருக்கிறார்கள். 1973-ல் ஆரம்பித்த வேலை 1993-ல்தான் முடிந்தது. செலவு 400 கோடி டாலருக்கு மேல். தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடும் என்பது உலக வழக்கம். இந்தக் கால்வாயில் அது மேட்டில் ஏறுகிறது! ராட்சத பம்புகள் வைத்து இறைக்கிறார்கள்.

இந்தக் கால்வாய்க்கு ஒரு பலவீனம் உண்டு. 1968-ல் அமெரிக்கப் பார்லிமெண்டில் அனுமதி கேட்டபோது கலிபோர்னியா ஒரு நிபந்தனை போட்டது. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முதலில் அரிசோனாவின் கால்வாய்க்குத்தான் குறைக்கவேண்டும். தன் பங்குக்குக் கைவைக்கக்கூடாது. அரிசோனா ஒப்புக்கொண்டது. வேறு வழி இல்லை.

பந்தியில் கடைசி இலை போட்டதுபோல் ஆயிற்று. குறையாதவரை கவலை இல்லை. 2021 ஆகஸ்டில் அந்த நாளும் வந்தது. கொலராடோ ஆற்றில் தண்ணீர்ப் பஞ்சம் என்று மத்திய சர்க்கார் முதல் தடவையாக அறிவித்தது. 2022-ல் அரிசோனாவின் பங்கில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக வெட்டு விழுந்தது. மாரிகோப்பா ஊர் இருக்கும் பைனல் ஜில்லாவின் விவசாயிகளுக்குத்தான் முதல் அடி. வயல்கள் தரிசாயின. ஆற்றைப் பங்கிடும் இப்போதைய விதிகள் 2026 முடிவோடு காலாவதி ஆகின்றன. அதற்குப் பின் யாருக்கு எவ்வளவு என்பதில் ஏழு மாகாணங்களும் மல்லுக்கு நிற்கின்றன.

ஒரு ஏக்கர், எட்டுக் கோடி டாலர்

ஆற்றுத் தண்ணீர் குறைந்தால் என்ன, பூமிக்குள் இருக்கிறதே என்பது பலருடைய நம்பிக்கை. 2023 ஜூன் 1-ந் தேதி அந்த நம்பிக்கையும் ஆட்டம் கண்டது.

பீனிக்ஸ் வட்டாரத்து நிலத்தடித் தண்ணீரை சர்க்கார் கணக்குப் போட்டுப் பார்த்தது. அடுத்த நூறு வருஷத்தில் தேவைப்படும் தண்ணீரில் நூற்றுக்கு 4 பங்கு துண்டு விழும் என்று தெரிந்தது. நாலு பங்குதானே என்று தோன்றலாம். ஆனால் சட்டம் சட்டம்தான். நூறு வருஷத்துக்குத் தண்ணீர் உண்டு என்று இனிமேல் ருசுப்படுத்த முடியாது. ஆகவே, நிலத்தடித் தண்ணீரை மட்டும் நம்பிப் போடும் புது மனைப்பிரிவுகளுக்கு அனுமதி இல்லை என்று கவர்னர் கேட்டி ஹாப்ஸ் அறிவித்தார்.

முன்பே அனுமதி வாங்கியவர்கள் கட்டலாம். குடியிருக்கும் வீடுகளுக்கும் ஆபத்து இல்லை. நாளைக்கே குழாய் வற்றிவிடும் என்று இதற்கு அர்த்தம் அல்ல. சில பத்திரிகைகள் பீனிக்ஸ் நகரமே காலியாகப்போவதுபோல் எழுதிவிட்டன. அது மிகை. பீனிக்ஸ், மேசா, சாண்ட்லர், ஸ்காட்ஸ்டேல் போன்ற பழைய நகரங்களுக்கு ஆற்றுத் தண்ணீரில் உரிமை இருக்கிறது. நூறு வருஷத் தண்ணீர் உண்டு என்று சர்க்கார் முத்திரையும் அவை வாங்கியிருக்கின்றன.

அடி விழுந்தது யாருக்கு? பக்கை, குவீன் கிரீக் போன்ற தூரத்து மலிவு ஊர்களுக்கு. அதாவது, நாம் சொன்ன குடும்பம் ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் போன அதே ஊர்களுக்கு!

அந்த ஊர்கள் என்ன செய்தன? தண்ணீர் வாங்கப் புறப்பட்டன. பக்கை நகரசபை 2023 ஜனவரியில் ஹார்க்குவஹாலா என்ற பள்ளத்தாக்கில் ஒரு நிலம் வாங்கத் தீர்மானித்தது. எவ்வளவு நிலம்? ஒரே ஒரு ஏக்கர். விலை? எட்டுக் கோடி டாலர்!

பாலைவனத்தில் ஓர் ஏக்கர் நிலத்துக்கா இத்தனை விலை? நிலத்துக்கு அல்ல. அந்த ஏக்கரோடு சேர்த்து, வருஷத்துக்கு 5,926 ‘ஏக்கர் அடி’ தண்ணீர் எடுக்கும் உரிமையையும் கொடுக்கிறார்கள். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீருக்குப் பெயர் ஏக்கர் அடி. ஏறத்தாழ 12 லட்சம் லிட்டர். அங்கே மூன்று குடும்பங்களுக்கு ஒரு வருஷத்துக்குக் காணும்.

குவீன் கிரீக் இன்னும் தூரம் போயிற்று. கொலராடோ ஆற்றங்கரையில் சிபோலா என்ற குக்கிராமம். அங்கே வயலுக்குப் பாய்ந்துகொண்டிருந்த தண்ணீரின் உரிமையை 2 கோடியே 40 லட்சம் டாலர் அளவில் விலை பேசி வாங்கியது. 2023-ல் அந்தத் தண்ணீர் கால்வாய் வழியாக வந்து சேர்ந்தது. ஆற்றங்கரை ஜில்லாக்கள் கொதித்து எழுந்து வழக்குப் போட்டன. இந்த மாற்றத்தால் வரக்கூடிய விளைவுகளை சர்க்கார் சரியாக ஆராயவில்லை என்று 2024-ல் நீதிபதி தீர்ப்புச் சொன்னார்.

இந்தக் கோடிகளை யார் கொடுப்பார்கள்? கடைசியில் அந்த ஊரில் வீடு வாங்கியவர்கள்தான். தண்ணீர்ப் பில்லில் வரும். வரியில் வரும். பல மனைப்பிரிவுகளில் இதற்கு என்றே ஒரு தனி வரி இருக்கிறது. பூமியிலிருந்து எடுத்த தண்ணீருக்கு ஈடாக வேறு இடத்தில் பூமிக்குள் தண்ணீர் விடுகிறார்கள். அந்தச் செலவு வருஷா வருஷம் வீட்டு வரியோடு சேர்ந்து வருகிறது. தண்ணீர் விலை ஏற ஏற அந்த வரியும் ஏறும். வீடு விற்கும் தரகர் இதை விளக்கிச் சொல்வாரா? விளக்கினாலும், புது வீட்டுச் சந்தோஷத்தில் யார் காதில் விழும்?

பூமி இன்னொரு விதத்திலும் பழி வாங்குகிறது. அளவுக்கு மேல் தண்ணீரை உறிஞ்சினால் தரை அமுங்குகிறது. நீளமாக வெடிப்பு விடுகிறது. குவீன் கிரீக் பக்கத்தில் இப்படிப்பட்ட வெடிப்புகள் உண்டு. 2007-ல் அங்கே ஒரு குதிரை வெடிப்பில் விழுந்து செத்தது. எங்கெங்கே வெடிப்பு என்று சர்க்கார் படம் போட்டு வைத்திருக்கிறது. வாங்குவதற்கு முன் யாரும் பார்க்கலாம்.

வெயில்

2023 கோடையில் பீனிக்சில் தொடர்ந்து 31 நாட்கள் 110 டிகிரிக்குக் குறையாமல் வெயில் கொளுத்தியது. செல்சியஸ் கணக்கில் 43 டிகிரிக்கு மேல். ராத்திரியிலாவது குளிர்ந்ததா? 16 நாட்கள் ராத்திரியிலும் 90 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை!

அந்த ஒரே ஆண்டில், பீனிக்ஸ் அடங்கிய ஜில்லாவில் வெயிலால் இறந்தவர்கள் 645 பேர். 2014-ல் அந்தத் தொகை 61. வீதியில் படுத்திருந்த அநாதைகள் நிறையப் பேர். வீட்டுக்குள் இறந்தவர்களும் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இருந்தது. ஆனால் ஓடவில்லை. பழுதாகியிருந்தது, அல்லது கரண்ட் இல்லை.

2018-ல் ஒரு புறநகரில் தனியாக இருந்த மூதாட்டிக்குக் கரண்ட் பில்லில் ஐம்பது டாலர் அளவுக்குப் பாக்கி. கரண்டை வெட்டிவிட்டார்கள். அனல் பறக்கும் நாள். வீட்டுக்குள்ளேயே இறந்துபோனார். ஜனங்கள் கொதித்தார்கள். அதன்பிறகுதான் கோடையில் பாக்கிக்காகக் கரண்டை வெட்டக்கூடாது என்று மின்சாரக் கம்பெனிகளுக்கு உத்தரவு வந்தது.

ஆகவே, பெரிய வீடு மலிவாகக் கிடைக்கிறதே என்று மகிழ்ந்தால் போதாது. பெரிய வீட்டைக் குளிர வைக்கக் கரண்ட் செலவும் பெரியது. குளிர்சாதனப் பெட்டி பழுதானால் ஆயிரக்கணக்கான டாலர் செலவு. தவணை கட்டிவிட்டு மாதக் கடைசியில் கையைப் பிசையும் குடும்பத்துக்கு அது பெரிய அடி.

ஒரே சாலை

மாரிகோப்பா ஊரின் கதை கொஞ்சம் வேறு. அங்கிருந்து பீனிக்சுக்கு வேலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே சாலையைத்தான் நம்பியிருக்கிறார்கள். காலையில் அத்தனை காரும் அதில். ஒரு விபத்து நடந்தால் எல்லாம் நின்றுவிடும். அப்பா வீடு திரும்பும்போது குழந்தை தூங்கிப்போயிருக்கும்.

2008-ல் அமெரிக்காவில் வீட்டு விலை சரிந்ததே, அப்போது மிகவும் அடிபட்ட ஊர்களில் இதுவும் ஒன்று. கடன் வாங்கி வாங்கிய வீட்டின் மதிப்பு கடனுக்கும் கீழே போய்விட்டது. தவணை கட்டமுடியாமல் வீட்டை பாங்கிக்கு விட்டுவிட்டுப் போனவர்கள் அநேகர். விலை ஏறும்போது தூரத்து ஊர்களில் கடைசியாக ஏறுகிறது. இறங்கும்போது முதலில் இறங்குகிறது.

அப்படியானால் இந்த ஊர்களில் வாங்கவே கூடாதா? அப்படியும் சொல்லமுடியாது. பக்கையில் சுகமாக இருக்கும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஊருக்குள் ஊர் வித்தியாசம். தெருவுக்குத் தெருகூட வித்தியாசம். 2025-ல் இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது. விவசாயி தன் வயலுக்குப் பாய்ச்சுவதை விட்டுவிட்டால், அந்தத் தண்ணீரை அங்கே கட்டும் வீடுகளுக்குக் கொடுக்கலாம். வயலுக்குச் செலவாகும் தண்ணீரைவிட வீடுகளுக்குக் குறைவாகவே செலவாகும் என்பது சட்டத்தை ஆதரிப்பவர்களின் கணக்கு. பருத்தியும் புல்லும் விளைந்த வயல்களில் இனி வீடுகள் முளைக்கும்.

அதே பணத்துக்கு மேசாவில் சிறிய பழைய வீடு கிடைக்கும். இரண்டு படுக்கை அறை. கூரையைப் பழுது பார்க்கவேண்டியிருக்கும். பக்கையில் புத்தம் புதிய பெரிய வீடு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண் புதிய வீட்டுக்குத்தான் போகும். தண்ணீர், கரண்ட், பெட்ரோல், வரி எல்லாவற்றையும் பத்து வருஷத்துக்குக் கூட்டிப் பார்த்தால் பல சமயம் கணக்கு தலைகீழாகிவிடும்.

இதற்கெல்லாம் வக்கீல் தேவையில்லை. அரிசோனாவில் புது மனைப்பிரிவில் வீடு வாங்குகிறவர் கையெழுத்துப் போடுவதற்கு முன், சர்க்கார் வெளியிட்ட ஓர் அறிக்கையை அவர் கையில் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். தண்ணீர் யார் கொடுக்கிறார்கள், எங்கிருந்து வருகிறது என்பது அதில் அச்சிட்டிருக்கும். ஊருக்கு வெளியே, ஐந்துக்குள் பிரித்த மனையானால் அந்த அறிக்கை கிடையாது. அதற்குப் பதிலாக, விற்பவர் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுக்கவேண்டும். கிணற்றுத் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா, லாரித் தண்ணீரா என்று அதில் ஒரு கேள்வி இருக்கிறது. பத்திரக் கட்டில் நடுவே கிடக்கும் காகிதம் அது. பேனாவை எடுத்தபின் யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

ரியோ வெர்டி ஜனங்களுக்கு என்ன ஆயிற்று? 2023 ஜூனில் மாகாண சட்டசபை அவர்களுக்காகத் தனிச் சட்டமே போட்டது. அக்டோபரில் ஸ்காட்ஸ்டேல் குழாயடி மறுபடியும் திறந்தது. 2025 முடிவு வரையில்தான் என்று தவணை. அதற்குள் ஒரு தனியார் தண்ணீர்க் கம்பெனி சொந்தமாகக் குழாயடி அமைக்கவேண்டும் என்று முடிவாயிற்று. குழாயடி என்றால் லாரி வந்து தண்ணீர் பிடிக்கும் இடம்தான். வீட்டுக்குக் குழாய் அல்ல.